ஆறாம் பெருமகள்

ஈச்சங்கால் ஏரியின் தண்ணீர் மதகின் இரண்டாம் படிக்கும் கீழே இறங்கிவிட்ட ஒரு கார்த்திகை மாதத்தில், வஞ்சியின் முறை வந்த அன்று, வட்டில் அமிழாமல் மிதந்தது.

வட்டில் என்பது இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குவித்த அளவுக்கு ஒரு செம்புக் கிண்ணம். அதன் அடியில் ஊசிமுனையால் போட்ட ஒரு துளை உண்டு. மதகடியில், மருத மரத்து நிழலில், நீர் நிறைந்த கொப்பரையில் அதை மிதக்க விட்டால், துளை வழியாகத் தண்ணீர் ஊறி ஊறி ஏறி, சரியாக ஒரு நாழிகையில் கிண்ணம் நிறைந்து, கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு அடியில் போய் உட்காரும். உடனே வட்டில் காக்கும் மாசாத்தன் சேகண்டியை ஓங்கி அடிப்பான். வாய்க்காலில் நிற்பவர்கள் ஒருவர் வயலின் மடையை அடைத்து அடுத்தவர் வயலின் மடையைத் திறப்பார்கள். தலைவர் வீடானாலும் கடைமடைக் குடிசையானாலும் ஒரு வீட்டுக்கு ஒரு நாழிகைத் தண்ணீர் என்றும், முறைக்காரர் வட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றும், ஐந்து பெருமக்கள் கொண்ட ஊரவை என்றோ விதித்து மதகுக் கல்லில் வெட்டி வைத்திருந்தது. அந்த ஊரில் அடுப்பு மூட்டுவதும் மாடு அவிழ்ப்பதும் கோபம் தணிவதும்கூட அந்தச் சேகண்டிச் சத்தத்துக்குத்தான்.

வஞ்சியின் புருஷன் படைக்கு நெல் ஏற்றிப் போன வண்டிகளோடு வடக்கே போய் ஆறு மாதமாகியும் திரும்பவில்லை. ஆகவே முறைக்கு அவளே வந்தாள். விட்டுவிட்டு வர ஆளில்லாததால் நாலு மாதக் குழந்தை பூவாளையும் மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தை வாயைத் திறந்தபடி, கடைவாயில் பால் காய்ந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். மாசாத்தன் வட்டிலை மிதக்க விட்டான். வஞ்சியின் வயலுக்குத் தண்ணீர் போனது, நிறைந்தது, வரப்பைத் தொட்டது, வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குள் வெட்கத்தோடு எட்டிப் பார்த்தது. வட்டிலோ ஒரு சொட்டுகூட ஏறாமல் தாமரை இலைபோலக் கிடந்தது. மருத மரத்து நிழல் நகரவில்லை. எதிரே பனையில் இறங்க வந்த பருந்து இறங்கி முடிக்கவில்லை. மதகின் படியில் தண்ணீர் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை, ஏனென்றால் ஏரியைப் பொறுத்தவரை இன்னும் நேரமே ஆகவில்லை.

“என்ன மாசாத்தண்ணே இது?” என்றாள் வஞ்சி.

“நான் ஒண்ணும் தொடலம்மா,” என்று அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

தன்மேல் பழி வந்துவிடுமே என்ற பயத்தில் அவள் குழந்தையை அள்ளிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வழியோரத்து மூன்றாம் பனையைத் தாண்டியதும் பின்னால் வட்டில் கொட்டாவி விட்டு அமிழ்ந்தது, சேகண்டி அடித்தது, நின்றிருந்த வெயில் ஒரே எட்டில் மேற்கே தாவியது, ஊரில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது.

மறுநாள் அவை கூடியது. அதிசயத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. துளையைப் பற்றித்தான் பேசினார்கள். துளை அடைத்திருக்கும் என்றார் ஒருவர். புளி போட்டுத் தேய்த்தார்கள். துளை தூர்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். ஐவரில் தலைவரான ஆலங்கிழார் தன் கையாலேயே ஊசியை விட்டு ஒரு திருகு திருக, துளை பெரிதாகி, அன்றைக்கு முறை வந்த ஏழு வீட்டுக்கும் வட்டில் கண்ணிமைப்பதற்குள் அமிழ்ந்து அமிழ்ந்து போனது. ஏழு வீட்டாரும் மண்வெட்டியோடு மதகடிக்கு வந்து நின்றார்கள். கன்னானைக் கூப்பிட்டுத் துளையைப் பழைய அளவுக்குக் கொண்டுவர மூன்று நாள் ஆனது. அதற்குப் பிறகுதான், “அன்னைக்கு வட்டில் பக்கத்துல புதுசா இருந்தது என்னன்னு ஒருத்தரும் கேக்கலியே,” என்று மாசாத்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார்கள். மடியில் வைத்தால் மிதந்தது. எடுத்துக்கொண்டு மூன்றாம் பனையைத் தாண்டினால் அமிழ்ந்தது. அழுதாலும் மிதந்தது, சிரித்தாலும் மிதந்தது. வஞ்சியின் மடியில் மட்டுமல்ல, மாசாத்தனின் எலும்பு துருத்திய மடியிலும் மிதந்தது. ஆலங்கிழார் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்; வெயில் நகராததால் எவ்வளவு நேரம் தடவினார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஐப்பசி மழை பொய்த்த வருஷம் அது. பயிர் கதிர் விட்டுப் பால் பிடிக்க இன்னும் ஏழு தடவை தண்ணீர் பாய வேண்டும். ஏரியில் இருந்தது ஒரு தண்ணீருக்குக்கூடக் காணாது.

“ஊரவையில் இதுவரை ஐவர்,” என்றார் ஆலங்கிழார், எல்லாருக்கும் கேட்கும்படி. “இன்று முதல் ஆறு பேர்.”

அப்படித்தான் பூவாள், கழுத்து இன்னும் முழுதாக நிற்காத வயதில், ஈச்சங்கால் ஊரவையின் ஆறாம் பெருமகள் ஆனாள்.

ஊர் அதை மளமளவென்று பழகிக்கொண்டது. விடிந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டி மதகடிக்குக் கொண்டுவருவது, பெருமக்களுக்கு விரிக்கிற அதே கோரைப்பாயில் ஒரு முழம் அவளுக்கும் விரிப்பது, முறைக்காரர் யாரோ அவர் மடியில் வைத்துக்கொள்வது, அழுதால் வஞ்சிக்கு ஆள் விடுவது என்று முறை ஏற்பட்டது. பெருமகளை ஒருமையில் கூப்பிடுவது தகாது என்பதால், மீசை நரைத்த உழவர்களும் குனிந்து, “தாங்கள் பால் குடிச்சாச்சா? வயிறு எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள், அவள் அவர்கள் மீசையைப் பிடித்து இழுத்து, மடியை நனைத்து, அதன்பின் தூங்கினாள். வட்டில் மிதந்துகொண்டே இருந்தது. காய்ந்து வெடித்த வயல்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து நனைந்தன. மேட்டு வயல்கள் நனைந்தன, பள்ள வயல்கள் நனைந்தன, கடைசியில், பாட்டன் காலத்திலிருந்து ஒரு வருஷமும் முழுத் தண்ணீர் கண்டிராத கடைமடைச் சடையனின் வயலும் நனைந்தது. சடையன் அன்று சேற்றில் முழங்கால்வரை இறங்கி நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கொஞ்ச நேரம் ஆடினான்.

வட்டில் மிதக்கும்வரை ஊரில் எதுவும் நடந்து முடியாது. உலை கொதிக்காது, பால் உறையாது, அழுத குழந்தையின் கண்ணீர் கன்னத்தில் பாதியில் நிற்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் பனையைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து வந்து கொட்டும்: உலை பொங்கி அடுப்பை அணைக்கும், பால் ஒரே மூச்சில் தயிராகும், மாடுகள் எல்லாம் ஒன்றாகக் கத்தும். பெண்களுக்குத்தான் பாடு.

“துணி காயவே மாட்டேங்குதுடி,” என்று பக்கத்து வீட்டு வெள்ளச்சி வேலியோரம் நின்று சலித்துக்கொள்வாள். “பிழிஞ்சு போட்டா போட்டபடி சொட்டிக்கிட்டே கெடக்கு. அப்புறம் உன் மவ எந்திரிச்சுப் போனதும் மொடமொடன்னு அப்பளமாட்டம் ஆயிடுது. நல்ல பெருமகளப் பெத்து வச்சிருக்க!”

வஞ்சி சிரிப்பாள். முதல் மாதம் முழுக்க அவள் சிரித்தாள். புருஷன் இல்லாத வீடு என்று யாரும் அவளைக் குறைவாகப் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் அவள் நடந்தால் ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டு வாசலில் தினம் யாராவது ஒரு படி வரகோ ஒரு கீற்றுப் பூசணியோ வைத்துவிட்டுப் போனார்கள். தன் வயிற்றில் பிறந்தது ஊரின் வயிற்றை நிரப்புகிறது என்று நினைக்கும்போது அவளுக்கு நெஞ்சு விம்மும். அந்த விம்மலின் அடியில் எங்கோ, சோற்றில் கிடக்கிற சிறு கல் மாதிரி ஒன்று இருந்ததை அவள் கடித்துப் பார்க்கவில்லை.

மார்கழி முடியும் தறுவாயில், வெள்ளச்சியின் மகன் மாறனுக்கு அரைஞாண் கயிறு இறுக்கிவிட்டது என்று புதுக்கயிறு கட்டினார்கள். மாறன் பூவாளுக்கு மூன்று நாள் பின்னால் பிறந்தவன். அவனுக்கு அது மூன்றாவது கயிறு. உட்கார வைத்தால் உட்கார்ந்தான், கீழ்வரிசையில் இரண்டு பல் அரிசிபோல முளைத்திருந்தது, கண்ணில் பட்டதையெல்லாம் கடித்தான்.

“உன் மவளுக்கு எப்பக் கட்டின?” என்று வெள்ளச்சி கேட்டாள், சாதாரணமாகத்தான் கேட்டாள்.

வஞ்சி குழந்தையின் சிற்றாடையை விலக்கிப் பார்த்தாள். பிறந்த முப்பதாம் நாள் அவள் கையால் கட்டிய அதே கறுப்புக் கயிறு, அதே முடிச்சு, அதற்கும் இடுப்புக்கும் நடுவே அவளுடைய சுண்டுவிரல் நுழைகிற அதே இடைவெளி. பூவாள் இன்னும் குப்புற விழவில்லை. இன்னும் கழுத்து ஆடியது. மூன்று மாதத்துக்கு முன் தைத்த சட்டை இன்னும் தொளதொளத்தது. ஊரில் நின்றுபோன நேரமெல்லாம் எல்லாருக்கும் திரும்ப வந்துவிட்டது. உலைக்கு வந்தது, தயிருக்கு வந்தது, மாறனின் ஈறுக்கு வந்தது. இவளுக்கு மட்டும் வரவில்லை. வயல்களில் பளபளவென்று நிற்கிற தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று வஞ்சிக்கு அப்போது தெரிந்துவிட்டது. முதலில் நிறைந்தது தன் வயல் என்பதும் நினைவுக்கு வந்தது. குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன உடம்பு எடை கூடவில்லை என்று கைகள் சொல்லச் சொல்ல, கைகளையே வெறுத்தாள்.

“அக்கா,” என்றாள், “இவ இப்படியே இருந்துடுவாளாக்கா?”

 வெள்ளச்சி மாறனை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். “அவைக்குப் போடி,” என்றாள்.

“பொம்பளை சொன்னா கேப்பாங்களா?”

“நனைஞ்சுட்டுப் போ. கேட்டுத்தானே ஆகணும்.”

ஈச்சங்காலில் அப்படியொரு வழக்கம் உண்டு. ஆணோ பெண்ணோ, முறையிட வேறு வழியற்றவர் ஏரியில் தலை முழுகி, ஈரத்துணியோடு அவை முன்னால் வந்து நின்றால், அந்தத் துணி காயும்வரை பெருமக்கள் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அவை அத்தோடு கலைந்ததாக அர்த்தம், அந்த ஐவர் வம்சத்தில் பிறகு யாரும் பாயில் உட்கார முடியாது. வெயில் கடுமையான ஊர் என்பதால் வழக்கம் யாருக்கும் பெரிய தொந்தரவு கொடுத்ததில்லை. நனைந்தவர்கள் பேசுவார்கள், பெருமக்கள் தலையாட்டுவார்கள், துணி காய்ந்துவிடும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள்.

வஞ்சி மறுநாள் உச்சிப்பொழுதுக்கு ஏரியில் மூன்று முறை முழுகினாள். சொட்டச் சொட்ட மருத மரத்தடிக்கு வந்தாள். அன்று சடையனின் முறை. ஆறாம் பெருமகள் அவன் மடியில் கிடந்து அவன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். வஞ்சி குழந்தையை வாங்கி, ஈரமாரில் போட்டுக்கொண்டு, அவையின் முன்னால் நின்றாள்.

“என்னம்மா?” என்றார் ஆலங்கிழார்.

“என் பிள்ளை வளரலீங்க கிழாரே. அவ நாளெல்லாத்தையும் எடுத்து நாம வயலுக்குப் பாய்ச்சிட்டோம். அதத் திருப்பிக் கொடுங்க.”

அவை ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டது. இன்னும் ஒரே ஒரு தண்ணீர்தான் என்றார் ஒருவர். பால் பிடிக்கிற சமயம், இப்போது விட்டால் அத்தனையும் பதராகும் என்றார். குழந்தைகள் சில முன்னே வளரும் சில பின்னே வளரும் என்றார் மற்றொருவர். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வாய்க்காலுக்கு அப்பால் பச்சையும் பொன்னுமாகச் சாய்ந்து நின்ற பயிரும் பொய்யில்லை. வஞ்சி கேட்டுக்கொண்டு நின்றாள். தலைமுடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து, மாசாத்தன்தான் அதைக் கவனித்தான். “ஐயா,” என்றான், “துணி காயல.”

எல்லாரும் பார்த்தார்கள். சேலையின் முந்தானை நுனியில் ஒரு சொட்டு, விழப்போவதுபோல வந்து, விழாமல் நின்றது. கொப்பரையில் வட்டில் அசையாமல் மிதந்தது. பனையின் நிழல் பனையின் காலடியிலேயே கிடந்தது. பனைக்கு மேலே ஒரு பருந்து இறங்காமல் நின்றது. துணி காயாமல் அவை எழ முடியாது. வட்டில் அமிழாமல் துணி காயாது. குழந்தை அங்கே இருக்கும்வரை வட்டில் அமிழாது. தாங்கள் விதித்த விதிகள் இரண்டும் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு தங்களைச் சுற்றி நிற்பதை ஐந்து பெருமக்களும் மெல்ல மெல்ல உணர்ந்தார்கள்.

“பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பனைக்கு அந்தப் பக்கம் போயேன் தாயே, காஞ்சிரும்,” என்றார் ஆலங்கிழார், கெஞ்சுகிற குரலில்.

“காஞ்சா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க,” என்றாள் வஞ்சி.

ஆகவே அந்த உச்சிப்பொழுது நீண்டது. பசிக்கவில்லை, தாகம் எடுக்கவில்லை, கால் மரத்துப் போகவில்லை. வேறு வேலை இல்லாததால் பேச வேண்டியிருந்தது. ஊரே கரையில் வந்து கூடி உட்கார்ந்தது. முதலில் பயிரைப் பற்றிப் பேசினார்கள், பிறகு ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த பழைய மனத்தாங்கல்களைப் பேசினார்கள், எந்த வரப்பை யார் எப்போது வெட்டினார்கள் என்று பேசினார்கள், அதுவும் தீர்ந்த பிறகு, தங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு முதல் பல் எப்போது முளைத்தது, எதைப் பிடித்து எழுந்து நின்றது, முதலில் யாரைப் பார்த்து என்ன சொல்லிற்று என்று பேசத் தொடங்கினார்கள். ஆலங்கிழாரின் மூத்த மகன் முதன்முதலில் பிடித்து நின்றது ஒரு கிடாரியின் வாலையாம். மாசாத்தனின் மகள் ‘அம்மா’ சொல்வதற்கு முன்னால் ‘டங்’ என்றாளாம், சேகண்டி மாதிரி. சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக வஞ்சியின் தோளில் கிடந்த, தலை நிற்காத அந்தக் குழந்தையைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

 இந்தப் பொழுது நீள நீள இதுவும் குழந்தையின் கணக்கில்தான் போகிறது என்று வஞ்சிக்குத் தெரியும். ஓடிவிடலாமா என்று ஒரு கால் எடுப்பாள், அவை எழுந்துவிடுமே என்று அந்தக் காலை அங்கேயே ஊன்றுவாள்.

“திருப்பிக் கொடுக்கணும்னா எப்படிம்மா கொடுக்கிறது?” என்றார் ஆலங்கிழார் கடைசியில். அவர் குரலில் இப்போது தலைவர் இல்லை. “தண்ணியா இருந்தா வாரிக் கொடுக்கலாம். கழிஞ்ச நாளை எப்படிக் கொடுப்பேன்?”

அப்போதுதான் சடையன் எழுந்தான். அவையில் அதுவரை ஒரு வார்த்தை பேசியிராதவன். எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“அமுக்கிக் கொடுக்கிற வழக்கம் இருக்குல்ல சாமி,” என்றான்.

அதுவும் ஈச்சங்காலில் இருந்த வழக்கம்தான். ஒருவர் தன் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதானால், வட்டில் நிறையும்வரை காத்திராமல், தன் விரலாலேயே அதை நீருக்குள் அமுக்கி, ‘என் நாழிகை இன்னாருக்கு’ என்று சொல்ல வேண்டும். சொன்னபின் திரும்ப வாங்க முடியாது. இழவு விழுந்த வீட்டார் மட்டும் எப்போதாவது செய்வார்கள்.

“அது வயலுக்கு வயல் கொடுக்கிறதுடா,” என்றார் பெருமக்களில் ஒருவர்.

“வயலுக்குத்தான்னு கல்லுல வெட்டியிருக்குங்களா?”

 மாசாத்தன் எழுந்து போய் மதகுக் கல்லை விரலால் தடவித் தடவிப் படித்துவிட்டு வந்து, “இன்னாருக்குன்னுதான் இருக்கு,” என்றான்.

சடையன் வாய்க்காலுக்கு அப்பால், கடைசியில், தன் வயல் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தான். அங்கே அவன் பாட்டனும் அப்பனும் பார்த்திராத பயிர் கழுத்தளவு நின்றிருந்தது. ஒரு தண்ணீர், ஒரே ஒரு தண்ணீர். அவன் பெண்டாட்டி கூட்டத்தில் எங்கோ தலையைக் குனிந்துகொண்டாள். சடையன் கொப்பரைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, சேறு காய்ந்த ஆள்காட்டி விரலை வட்டிலின் விளிம்பில் வைத்தான்.

“என் நாழிகை எங்க பெருமகளுக்கு,” என்று சொல்லி அமுக்கினான்.

வட்டில் மூழ்கியது. வஞ்சியின் தோளில் கிடந்த தலை, ஆடிக்கொண்டிருந்த அந்தச் சின்னத் தலை, மெதுவாக நிமிர்ந்து, நிமிர்ந்தபடியே நின்று, இதுதானா ஊர் என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தது.

 கூட்டத்தில் ஒரு பெண், “நிக்குதுடி!” என்று கத்தினாள். அதற்குமேல் யாரும் யாரையும் கேட்கவில்லை. அடுத்த முறைக்காரர் வந்தார், மாசாத்தன் வட்டிலை எடுத்து மிதக்க விட்டான், அவர் அமுக்கினார். அதற்கடுத்தவர் வந்தார், அமுக்கினார். ஒவ்வொரு தடவையும் மாசாத்தன் பழக்கத்தில் சேகண்டியைத் தூக்குவான். அமுக்கிக் கொடுத்த நாழிகைக்கு அடிக்கக் கூடாதென்று நினைவு வந்து இறக்குவான். ஒருவர் கொடுத்ததில் கன்னம் உப்பியது, ஒருவர் கொடுத்ததில் முழங்கையில் மடிப்பு விழுந்தது. வெள்ளச்சி மாறனை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து குனிந்தாள். “என் நாழிகை இந்தச் சிறுக்கிக்கு. சீக்கிரம் தவழ்ந்து வாடி, இவன் கடியிலிருந்து என்னைக் காப்பாத்து,” என்று சொல்லி அமுக்க, வஞ்சியின் கையில் எடை கூடியது. கை தாங்கவில்லை. அந்த வலி அவளுக்குப் போதும் போதும் என்றிருந்தது, போதவே இல்லை. ஆலங்கிழார் கடைசி ஆளாக வந்தார். அவருக்கு நாற்பது வயல், எல்லாம் பால் பிடிக்கிற கதிர். “முதல்ல வந்திருக்க வேண்டியவன் நான்,” என்று குழந்தையிடம்தான் சொன்னார், மன்னிப்புக் கேட்பதுபோல. அமுக்கியபோது அவர் விரல் மட்டுமல்ல, கை மணிக்கட்டுவரை நீருக்குள் போனது. கறுப்பு அரைஞாண் கயிறு, பிறந்த முப்பதாம் நாள் கட்டியது, பட்டென்று அறுந்து தரையில் விழுந்தது.

அந்த வருஷம் ஈச்சங்காலில் பாதிக்குமேல் பதர்தான். ஒரு வேளை சோறும் ஒரு வேளை வரகுக் கூழுமாக ஊர் அடுத்த ஆடிவரை ஓட்டியது. யாராவது கூழைப் பார்த்து முகம் சுளித்தால், தெருவில் தடதடவென்று ஓடப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையைக் காட்டி, “அதோ போகுது பாரு உன் சோறு,” என்பார்கள். சுளித்த முகம் சிரித்துவிடும். வட்டில் பக்கத்தில் கைக்குழந்தையைக் கொண்டுவரலாகாது என்று மதகுக் கல்லில் புதிதாக ஒரு வரி வெட்டினார்கள். ஆறாம் பெருமகளின் ஒரு முழம் கோரைப்பாயை மட்டும் யாரும் சுருட்டவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைய உச்சிப்பொழுது இன்னும் முடியவில்லை. எல்லாரும் கொடுத்துத் தீர்ந்தபின், வரிசையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு முறை, வஞ்சியின் முறை. மாசாத்தன் வட்டிலைத் துடைத்து மிதக்க விட்டான். வஞ்சி குழந்தையோடு கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று முதல்நாள் உட்கார்ந்த அதே இடம்.

“என் மடையைத் திறக்க வேண்டாம்ணே,” என்றாள். “தண்ணி கடைமடைக்குப் போகட்டும். சடையண்ணன் வயலுக்கு.”

பிறகு, வழக்கப்படி அமுக்கி அவனுக்குக் கொடுப்பதற்காக விரலை நீட்டினாள். நீட்டிய விரல் அப்படியே நின்றது. வட்டிலின் அடியில், துளை இருக்கும் இடத்தில், ஒரு கண் திறப்பதுபோல நீர் முத்து ஒன்று எழுந்தது. உடைந்து பரவியது. இன்னொன்று எழுந்தது. குழந்தை மடியில் இருந்தது, விழித்திருந்தது, வட்டில் ஊறிக்கொண்டிருந்தது. வஞ்சி விரலை இழுத்துக்கொண்டாள். ஒரு முழு நாழிகையும் அசையாமல் உட்கார்ந்து, முறைக்காரர் பார்க்க வேண்டிய விதிப்படி, கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். பனையின் நிழல் பனையைவிட்டு ஒரு சாண் வெளியே வந்தது. பருந்து இறங்கி முடித்தது. அவள் தோளில் சேலை வெளுத்தது, முதுகில் வெளுத்தது, மடியில், குழந்தையின் சூட்டில், கடைசியாக வெளுத்தது.

வட்டில் கொட்டாவி விட்டு அமிழ்ந்தது. மாசாத்தன் சேகண்டியை ஓங்கி அடித்தான்.

பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் கேட்டிராத பூவாள் திடுக்கிட்டு, வாயைக் கோணி, அம்மாவின் காய்ந்த தோளில் முகத்தைப் புதைத்து, புதிதாய் முளைத்திருந்த இரண்டு பல்லாலும் நறுக்கென்று கடித்தாள். ஐந்து பெருமக்களும் எழுந்தார்கள். வஞ்சி எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கடிக்கட்டும் என்று தோளைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள்.